சி.ஐ. சிவந்தால் எங்கே பார்ப்பது: பில்டு, டெஸ்ட் பழுதுகள் அறிகுறிவாரியாக

"என் மெஷினில் எல்லா டெஸ்டும் பாஸ் ஆகிறது, சி.ஐ.யில் மட்டும் சிவப்பு." (சி.ஐ. என்பது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகப் பில்டு செய்து சோதிக்கும் அமைப்பு. பாஸ் ஆனால் பச்சை, விழுந்தால் சிவப்பு.) ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன், இந்த ஒரு வரி எனக்கு எத்தனை முறை வந்திருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. முதலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு பழைய பதில்களைத் திருப்பிப் பார்த்தால், காரணங்கள் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பதினைந்துதான். அவற்றைத்தான் இங்கே வைக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலில் வரும், அரை நாளை விழுங்கக்கூடியது கடைசியில் வரும். உதாரணங்கள் பெரும்பாலும் கிட்ஹப் தளத்தின் சி.ஐ. சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இருந்து. அதேபோன்ற இன்னொரு தளமான கிட்லேபில் மாறுகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. முதல் முறையாகப் பங்களிக்க வரும் ஒருவர், தான் தொடவே தொடாத ஏதோ ஒன்றுக்காகச் சிவப்பு வாங்கினால், பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடுகிறார். அப்படிச் சிலரை நான் இழந்திருக்கிறேன். இன்றும் அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

## எதையும் தொடுவதற்கு முன்

லாக் பதிவின் (ஓடும்போது எழுதப்படும் விவரம்) கடைசி வரியைப் படித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கடைசி வரி எப்போதும் "எக்ஸிட் கோட் 1-உடன் முடிந்தது" என்றுதான் இருக்கும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மேலே போங்கள், முதல் பிழை எங்கே வந்ததோ அதுதான் நமக்கு வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் நாற்பது பிழைகளும் பெரும்பாலும் அந்த ஒன்றின் பிள்ளைகள்.

எக்ஸிட் கோட் 1 இல்லாமல் வேறு எண் இருந்தால் அதுவே பாதி விடை. 127 என்றால் அந்தக் கட்டளையே அந்த மெஷினில் இல்லை. 126 என்றால் ஃபைல் இருக்கிறது, ஓட்டுவதற்கு அனுமதி இல்லை. 137 என்றால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் மெமரி தீர்ந்திருக்கும். 143 என்றால் நிறுத்தச் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்து, கடைசியாகப் பச்சையாக இருந்த கமிட் (பதிவு செய்த மாற்றம்) எது என்று பாருங்கள். அதற்கும் இதற்கும் இடையில் கோடு எதுவும் மாறவில்லை என்றால், உங்கள் கோடைச் சந்தேகிப்பதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு வெளியே தேடத் தொடங்கலாம்.

## அறிகுறி: புல் ரெக்வெஸ்ட் திறந்தாயிற்று, ஆனால் ஒன்றுமே ஓடவில்லை

உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் கோரிக்கைதான் புல் ரெக்வெஸ்ட். முதலில் ஃபைல் இருக்கும் இடம். ரெப்போவின் (ப்ராஜெக்டின் கோடு இருக்கும் இடம்) மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் கிட்ஹப் ஃபோல்டர், அதற்குள் வொர்க்ஃப்ளோஸ் என்று பன்மையில் ஒரு ஃபோல்டர், அதற்குள் யாமல் ஃபைல். எதை எப்போது ஓட்ட வேண்டும் என்ற வொர்க்ஃப்ளோ இதில்தான் இருக்கும். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப், ஜாபின் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டெப், அதை ஓட்டும் மெஷின் ரன்னர். புள்ளி விட்டுப்போனாலும், பன்மையின் கடைசி எழுத்து விட்டுப்போனாலும் எந்த எச்சரிக்கையும் வராது, அமைதியாக இருக்கும். யாமலில் டேப் எழுத்தால் உள்தள்ளவும் கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான்.

இடம் சரி என்றால் பிராஞ்ச் பெயர். வேறு ப்ராஜெக்டிலிருந்து காப்பி செய்த ஃபைலில் "மாஸ்டர்" என்று இருக்கும், உங்களுடையது "மெயின்" ஆக இருக்கும். அப்புறம் கமிட் மெசேஜ்: சதுர அடைப்புக்குள் "ஸ்கிப் சி.ஐ." என்று யாராவது எழுதியிருந்தால் சொன்னபடியே ஓடாது. மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் இருக்கும் புல் ரெக்வெஸ்டிலும் ஓடாது, ஏனென்றால் ஓட்ட வேண்டிய மெர்ஜ் கமிட்டையே அதனால் உருவாக்க முடிவதில்லை.

புதியவரின் புல் ரெக்வெஸ்டில் மட்டும் ஓடவில்லை. இது பழுது இல்லை. முதல்முறை பங்களிப்பவர்களுக்கு மெயின்டெய்னர் ஒருவர் ஒப்புதல் பட்டனை அழுத்த வேண்டும். மெயின்டெய்னராக இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கோடைப் படிக்க ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, அந்தப் பட்டனை அன்றைக்கே அழுத்திவிடுங்கள். அழுத்துவதற்கு முன் அவர் வொர்க்ஃப்ளோ ஃபைல்களையோ பில்டு ஸ்கிரிப்டையோ மாற்றியிருக்கிறாரா என்று மட்டும் ஒரு பார்வை.

பாட் (தானியங்கி நிரல்) தள்ளிய கமிட்டில் ஓடவில்லை. வொர்க்ஃப்ளோவுக்குத் தானாகக் கிடைக்கும் டோக்கனால் (அணுகல் சாவி) தள்ளிய கமிட் இன்னொரு வொர்க்ஃப்ளோவைக் கிளப்பாது. முடிவில்லாமல் ஒன்றை ஒன்று கிளப்பாமல் இருக்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஓடத்தான் வேண்டும் என்றால் தனி ஆப் டோக்கன் தேவை.

தினமும் இரவில் ஓடியது நின்றுவிட்டது. பப்ளிக் ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் நேரம் குறித்த வொர்க்ஃப்ளோக்கள் தானாக நிறுத்தப்படும். ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் போய் மறுபடி இயக்கினால் போதும். நேரம் குறித்தவை டீஃபால்ட் பிராஞ்சில் இருக்கும் ஃபைலை வைத்துத்தான் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓடவும் இல்லை, மெர்ஜ் செய்யவும் விடவில்லை, "காத்திருக்கிறது" என்றே நிற்கிறது. இது எனக்கு ஒரு முழு மாலையை எடுத்துக்கொண்ட பழுது. ஆவணத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி ஒருவர் அனுப்பியிருந்தார். "ஆவணங்கள் மட்டும் மாறினால் டெஸ்ட் ஓட வேண்டாம்" என்று பாத் ஃபில்டர் போட்டிருந்தது நான்தான். அதே டெஸ்ட் கட்டாயம் பாஸ் ஆக வேண்டும் என்று பிராஞ்ச் பாதுகாப்பில் குறித்திருந்ததும் நான்தான். வொர்க்ஃப்ளோ முழுதாகத் தவிர்க்கப்பட்டதால் முடிவு வரவே இல்லை, கட்டாய சோதனை அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தது. தீர்வு: ஃபில்டரை வொர்க்ஃப்ளோ மட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, ஜாபின் மேல் "இஃப்" நிபந்தனையாக வையுங்கள். நிபந்தனையால் தவிர்க்கப்பட்ட ஜாப் வெற்றி என்று பதிவாகும், மெர்ஜ் திறந்துவிடும். (இதே குணம் வேறு இடத்தில் நம்மைக் கவிழ்க்கும், கடைசி அறிகுறியில் வருகிறேன்.)

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மேலே உள்ள எதுவும் இல்லையென்றால் ரெப்போவின் அமைப்புகளில் ஆக்‌ஷன்ஸே அணைக்கப்பட்டிருக்கலாம். அதை அட்மின் உரிமை உள்ளவர்தான் பார்க்க முடியும், நீங்கள் வெளியிலிருந்து யாமலைக் குடைவதில் பயனில்லை. கிட்லேபில் "ஸ்டக்" என்று நின்றால் பெரும்பாலும் ஜாபில் போட்ட டேகுக்குப் பொருந்தும் ரன்னர் இல்லை. அதற்கும் ரன்னரைப் பார்த்துக்கொள்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

## அறிகுறி: ஓட ஆரம்பித்து சில நொடிகளிலேயே விழுகிறது

உங்கள் கோடு இன்னும் மேடைக்கே வரவில்லை, அமைப்பில்தான் கோளாறு.

பைத்தான் பதிப்புப் பட்டியலில் 3.9, 3.10, 3.11 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதியிருந்தால், யாமல் 3.10-ஐத் தசம எண்ணாகப் படிக்கும். தசமத்தில் கடைசி பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, அதனால் அது 3.1 ஆகிவிடும். லாகில் "3.1 பதிப்பு கிடைக்கவில்லை" என்று வரும், நீங்கள் எங்கேயும் 3.1 என்று எழுதவே இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பதிப்பு எண் எதுவாக இருந்தாலும் மேற்கோள்குறிக்குள் போடுங்கள், 3.9-ஐயும் சேர்த்து.

126 வந்தால், விண்டோஸில் உருவாக்கிய ஷெல் ஸ்கிரிப்டாக இருக்கும், அதில் ஓட்டும் அனுமதி பதிவாகியிருக்காது. கிட் அப்டேட்-இண்டெக்ஸ் கட்டளையில் சிஹெச்மாட் ப்ளஸ் எக்ஸ் கொடுத்து கமிட் செய்தால் முடிந்தது. ஃபைல் கண்ணுக்கு முன்னால் இருந்தும் "பேட் இண்டர்ப்ரெட்டர்" என்று திட்டினால், வரி முடிவுகளில் விண்டோஸின் கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழைச் செய்தியில் பாஷ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு தொப்பிக்குறியும் எம் எழுத்தும் தெரியும், அதுதான் அடையாளம். கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்.எஃப். முடிவு என்று ஒருமுறை எழுதிவிட்டால் திரும்ப வராது.

பில்டில் பதிப்பு எண் 0.1 என்று அபத்தமாக வருகிறதா, அல்லது கிட் டிஸ்க்ரைப் "டேக் எதுவும் இல்லை" என்கிறதா? செக்அவுட் ஆக்‌ஷன் (கோடை இறக்கும் தயார் ஸ்டெப்) வழக்கமாகக் கடைசி கமிட் ஒன்றை மட்டும்தான் இறக்கும், டேகுகளை (கமிட்டில் ஒட்டிய பதிப்புப் பெயர்கள்) இறக்காது. ஃபெட்ச் டெப்த் 0 என்று வைத்தால் முழு வரலாறும் வரும். கிட்லேபில் புதிய ப்ராஜெக்டுகளுக்கு வழக்கமான ஆழம் 20 கமிட்கள், அதனால் அங்கே சில நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, கடைசி டேக் இருபதைத் தாண்டிப் பின்னால் போன அன்றைக்கு விழும். சப்மாட்யூல்களும் கேட்டால்தான் வரும்.

## அறிகுறி: என் மெஷினில் பாஸ், சி.ஐ.யில் ஃபெயில்

முதல் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் செய்வதில்லை. வேறொரு காலி ஃபோல்டரில் உங்கள் பிராஞ்சைப் புதிதாகக் க்ளோன் செய்து அங்கே டெஸ்டை ஓட்டுங்கள். அங்கேயும் விழுந்தால், நீங்கள் கமிட் செய்ய மறந்த ஃபைல் ஒன்று இருக்கிறது, அல்லது கிட் இக்னோர் அதை விழுங்கியிருக்கிறது. டெஸ்ட் டேட்டாவை "பில்டு" என்ற பெயருள்ள ஃபோல்டரில் வைத்துவிட்டு, அந்தப் பெயர் இக்னோர் பட்டியலில் இருப்பதை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

புதிய க்ளோனில் பாஸ் ஆகிறது என்றால் அடுத்தது ஃபைல் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. மேக்கும் விண்டோஸும் வழக்கமாக இதைக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் கண்டிப்பாகப் பார்க்கும். இம்போர்ட் வரியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் உங்கள் மெஷின் மன்னித்துவிடும், ரன்னர் மன்னிக்காது.

மூன்றாவது, சி.ஐ. சோதிப்பது உங்கள் பிராஞ்சை அல்ல. புல் ரெக்வெஸ்டில் ஓடுவது, உங்கள் பிராஞ்சை இலக்கு பிராஞ்சோடு மெர்ஜ் செய்தால் என்ன கிடைக்குமோ அந்தக் கற்பனைக் கமிட். நேற்று மெயினில் யாரோ ஒரு ஃபங்க்‌ஷனின் பெயரை மாற்றியிருந்தால், உங்கள் பிராஞ்சில் எல்லாம் சரியாக இருந்தும் அங்கே விழும். மெயினை இழுத்து ரீபேஸ் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், அதே பிழை உங்கள் கண் முன்னால் வரும்.

நான்காவது டிபெண்டன்சி, அதாவது உங்கள் கோடு நம்பியிருக்கும் வெளி பேக்கேஜுகள். உங்கள் மெஷினில் ஆறு மாதம் முன்பு இறக்கிய பதிப்புகள் இருக்கின்றன, ரன்னர் ஒவ்வொரு முறையும் இன்று வெளியானதை இறக்குகிறது. லாகில் இன்ஸ்டால் ஸ்டெப்பை விரித்து, பச்சையாக இருந்த கடைசி ரன்னின் அதே ஸ்டெப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், எந்த பேக்கேஜின் எண் மாறியிருக்கிறதோ அதுதான் குற்றவாளி என்று பெரும்பாலும் கண் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பதிப்புகளைப் பூட்டி வைக்கும் ஃபைலைக் கமிட் செய்யுங்கள், நோடில் என்.பி.எம். இன்ஸ்டாலுக்குப் பதிலாக என்.பி.எம். சி.ஐ. பயன்படுத்துங்கள். நீங்கள் எழுதுவது லைப்ரரி என்றால் பூட்டாமல் ஓடும் ஒரு ஜாபையும் தனியாக வைத்திருப்பது நல்லது, உங்கள் பயனர்களுக்கு நாளை உடையப்போவது உங்களுக்கு இன்றே தெரியும்.

ஐந்தாவது, ரன்னர் இமேஜே மாறியிருக்கலாம். "உபுண்டு லேட்டஸ்ட்" என்று எழுதியிருந்தால் அது நகரும் இலக்கு. 2024 கடைசியில் தொடங்கி 2025 ஜனவரி வரை அது 22.04-இலிருந்து 24.04-க்குப் படிப்படியாக மாறியது, அந்த நாட்களில் ஒரே கோடு காலையில் பச்சை, மாலையில் சிவப்பு என்று பலரும் குழம்பினார்கள். பதிப்பை எண்ணால் எழுதுங்கள். அதற்காக அப்படியே மறந்துவிடவும் முடியாது, 20.04 இமேஜ் 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டபோது அதைக் கேட்ட ஜாபுகள் நின்றுபோயின.

இன்னும் பிடிபடவில்லையா? ரன்னரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்கும். இன்றைய தேதியை எதிர்பார்க்கும் டெஸ்டுகள் நாளின் சில மணி நேரம் மட்டும் விழும். டி.இசட். என்ற என்விரான்மென்ட் வேரியபிளை யு.டி.சி. என்று வைத்து உங்கள் மெஷினில் ஓட்டிப் பாருங்கள். அதேபோல சி.ஐ. என்ற வேரியபிள் ரன்னரில் "ட்ரூ" என்று வைக்கப்பட்டிருக்கும். சில கருவிகள் அதைப் பார்த்ததும் எச்சரிக்கைகளையும் பிழையாக எடுத்துக்கொள்கின்றன. அதையும் உங்கள் டெர்மினலில் வைத்து ஓட்டுங்கள்.

கடைசியாக, நேரம் பிடிக்கும் வழி: அதே உபுண்டு பதிப்பின் டாக்கர் கண்டெய்னருக்குள் (தனிப் பெட்டி போன்ற சூழல்) உட்கார்ந்து, யாமலில் உள்ள ஸ்டெப்களை ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பார்ப்பது. ஆக்ட் என்ற கருவி வொர்க்ஃப்ளோவை உள்ளூரிலேயே ஓட்டிக் காட்டும், நன்றாகவே உதவும், ஆனால் அதன் சிறிய இமேஜ்களில் உண்மையான ரன்னரில் இருக்கும் மென்பொருள்கள் பல இருக்காது. அதில் வரும் 127-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

## அறிகுறி: பில்டு ஸ்டேஜ் பச்சை, டெஸ்ட் ஸ்டேஜில் "ஃபைல் இல்லை"

ஒவ்வொரு ஜாபும் தனித்தனி மெஷினில் ஓடுகிறது. பில்டு ஜாப் உருவாக்கியது அந்த மெஷினோடு போய்விட்டது. கொண்டுபோக வேண்டியதை ஆர்ட்டிஃபாக்டாக ஏற்றி, டெஸ்ட் ஜாபில் இறக்க வேண்டும். கேஷ் வேறு, ஆர்ட்டிஃபாக்ட் வேறு: கேஷ் வேகத்துக்காக, இல்லாமல் போனாலும் ஜாப் ஓட வேண்டும். கிட்லேபில் பில்டு வெளியீட்டை கேஷில் வைத்துவிட்டு, "சில சமயம் கிடைக்கிறது, சில சமயம் இல்லை" என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இறக்கியும் "பெர்மிஷன் டினைட்" வந்தால், ஆர்ட்டிஃபாக்டாக ஏற்றும்போது ஓட்டும் அனுமதி தொலைந்துவிடுகிறது. டார் ஆகக் கட்டி ஏற்றுங்கள், அல்லது இறக்கியதும் சிஹெச்மாட் செய்யுங்கள். மேட்ரிக்ஸில் (ஒரே ஜாபைப் பல பதிப்புகளில் ஓட்டும் அமைப்பு) இரண்டாவது ஜாப் ஏற்றும்போது பெயர் மோதுகிறது என்றால், ஏற்றும் ஆக்‌ஷனின் 4-ஆம் பதிப்பிலிருந்து ஒரே பெயரில் பல ஜாபுகள் ஏற்ற முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் மொழிப் பதிப்பையும் பெயரோடு சேர்த்துவிடுங்கள்.

ஒரே ஜாபுக்குள்ளேயே தொலைகிறதா? ஒரு ஸ்டெப்பில் எக்ஸ்போர்ட் செய்த வேரியபிள் அடுத்த ஸ்டெப்பில் இருக்காது, சி.டி. செய்த ஃபோல்டரும் நிலைக்காது. ஒவ்வொரு ஸ்டெப்பும் புது ஷெல். வேரியபிளை கிட்ஹப் என்வ் ஃபைலில் எழுத வேண்டும், ஃபோல்டருக்கு வொர்க்கிங் டைரக்டரி அமைப்பு இருக்கிறது.

டேட்டாபேஸ் இணைப்பு மறுக்கப்படுகிறது. ஜாப் நேரடியாக ரன்னரில் ஓடினால், போர்ட்டைத் திறந்துவிட்டு லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட வேண்டும். ஜாபே கண்டெய்னருக்குள் ஓடினால் சர்வீஸின் பெயரால் கூப்பிட வேண்டும். இதைச் சரிசெய்தும் சில முறை மட்டும் மறுக்கிறது என்றால், போஸ்ட்கிரஸ் எழுந்து உட்காருவதற்குள் டெஸ்ட் கதவைத் தட்டுகிறது. பத்து நொடி ஸ்லீப் போடாதீர்கள். பி.ஜி. இஸ்ரெடியை ஹெல்த் செக்காக வையுங்கள்.

## அறிகுறி: ஃபோர்க்கிலிருந்து வந்தால் மட்டும் ஃபெயில்

காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றேதான்: ஃபோர்க்கிலிருந்து (பங்களிப்பவர் தன் கணக்கில் எடுத்துக்கொண்ட ரெப்போ நகல்) வரும் புல் ரெக்வெஸ்டுக்கு சீக்ரெட்கள் (ரெப்போவில் மறைத்து வைத்த சாவிகள்) கொடுக்கப்படுவதில்லை, தானாகக் கிடைக்கும் டோக்கனுக்கும் படிக்கும் உரிமை மட்டும்தான். கவரேஜ் ஏற்றும் ஸ்டெப், டாக்கர் இமேஜைத் தள்ளும் ஸ்டெப், புல் ரெக்வெஸ்டில் கமென்ட் போடும் ஸ்டெப், இவைதான் விழும். சீக்ரெட் தேவைப்படும் ஸ்டெப்களைத் தனி ஜாபாகப் பிரித்து, மெயினில் மெர்ஜ் ஆனபின் ஓடும்படி வையுங்கள். பில்டுக்கும் டெஸ்டுக்கும் சீக்ரெட்டே தேவைப்படக் கூடாது; தேவைப்பட்டால் டெஸ்டின் வடிவமைப்பில்தான் குறை.

இதற்கு "புல் ரெக்வெஸ்ட் டார்கெட்" என்ற ஈவென்ட்டுக்கு மாற்றச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். மாற்றியவுடன் பச்சையாகிவிடும் என்பதும் உண்மை. ஆனால் அது உங்கள் ரெப்போவின் உரிமைகளோடும் சீக்ரெட்களோடும் ஓடுகிறது, அதற்குள் வெளியாளின் கோடை செக்அவுட் செய்து பில்டு செய்தால், முன்பின் தெரியாத ஒருவர் கையில் உங்கள் சாவிக்கொத்தைக் கொடுத்ததாக அர்த்தம். டெஸ்ட் ஓட்டுவதற்காக இதைச் செய்யவே செய்யாதீர்கள். லேபிள் ஒட்டுவது போன்ற, வெளியாளின் கோடைத் தொடாத வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பப்ளிக் ரெப்போவுக்குச் சொந்த ரன்னரை இணைப்பதும் இதே வகை ஆபத்துதான்.

2025 மார்ச்சில் டி.ஜே. ஆக்‌ஷன்ஸின் சேஞ்ச்ட் ஃபைல்ஸ் என்ற ஆக்‌ஷனில் விஷம் கலந்தார்கள். அதைப் பயன்படுத்தியவை 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள். பழைய பதிப்பு டேகுகளையே கெட்ட கமிட்டின் பக்கம் திருப்பிவிட்டதால், யாமலில் ஒரு எழுத்துகூட மாறாமலே அது உள்ளே வந்து, சீக்ரெட்களை லாகில் கொட்டியது. வெளியார் ஆக்‌ஷன்களை டேகால் அல்ல, முழு கமிட் ஹேஷால் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) குறிப்பிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: லாகில் டோக்கன் போன்ற எதையாவது பார்த்துவிட்டால் அந்த நிமிடமே. லாகை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். முதலில் அந்த டோக்கனை ரத்து செய்ய வேண்டும், அந்த உரிமை உள்ள மெயின்டெய்னரைத் தனிப்பட்ட முறையில் பிடியுங்கள், பொது இஷ்யூ திறக்காதீர்கள்.

## அறிகுறி: சில முறை பச்சை, சில முறை சிவப்பு

ரீ-ரன் பட்டனை அழுத்துகிறோம், பச்சையாகிறது, மெர்ஜ் செய்கிறோம். இப்படி ஆறு மாதம் போனால் உண்மையான சிவப்பையும் யாரும் நம்புவதில்லை. ஒருமுறை எங்கள் லைப்ரரியில் ஒரு டெஸ்டை "அது அப்படித்தான்" என்று எல்லோரும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம், அது சொல்லிக்கொண்டிருந்தது உண்மையான ரேஸ் கண்டிஷன் (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள் மோதிக்கொள்வது) என்பது பயனர் ஒருவரின் டேட்டா கெட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

முதலில் எப்போதும் அதே டெஸ்ட்தான் விழுகிறதா, ஒவ்வொரு முறையும் வேறா என்று பாருங்கள்.

வேறு வேறு டெஸ்ட் விழுகிறது. நெட்வொர்க்கோ மெஷினோ. பேக்கேஜ் இறக்கும்போது டைம்அவுட், டாக்கர் இமேஜ் இழுக்கும்போது 429 (அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள் என்ற பிழை). டாக்கர் ஹப்பில் லாகின் செய்யாமல் இழுத்தால் ஒரு ஐ.பி.க்கு 6 மணி நேரத்தில் 100 முறைதான், பகிர்ந்த ரன்னரில் அது சீக்கிரம் தீரும். இறக்கும் ஸ்டெப்புக்கு மட்டும் ரீட்ரை போடலாம். டெஸ்ட் ஸ்டெப்புக்குப் போடாதீர்கள்.

ஒரே டெஸ்ட் விழுகிறது. அதைத் தனியாக 50 முறை சுழற்சியில் ஓட்டுங்கள். தனியாக ஒருமுறைகூட விழவில்லை, கூட்டத்தோடு ஓடினால்தான் விழுகிறது என்றால், அதற்கு முன்னால் ஓடும் இன்னொரு டெஸ்ட் எதையோ அழுக்காக விட்டுப்போகிறது: குளோபல் வேரியபிள், தற்காலிக ஃபைல், மூடாத போர்ட். பைத்தானில் பைடெஸ்ட் ரேண்டம்லி ப்ளகின் வரிசையைக் கலைத்துப் போட்டு, எந்த விதை எண்ணில் கலைத்தது என்றும் லாகில் எழுதும். விழுந்த ரன்னின் விதை எண்ணை எடுத்து உங்கள் மெஷினில் கொடுத்தால் அதே வரிசையில் அதேபோல் விழும். பிறகு டெஸ்ட் பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் அழுக்காக்கும் டெஸ்ட் அகப்படும். பொறுமை வேண்டும், ஆனால் நிச்சயம் அகப்படும்.

தனியாக ஓட்டியும் ஐம்பதில் இரண்டு முறை விழுகிறதா? உள்ளே ஸ்லீப் இருக்கிறதா என்று தேடுங்கள். "100 மில்லிசெகண்டில் முடிந்துவிடும்" என்ற நம்பிக்கை உங்கள் லேப்டாப்பில் பலிக்கும், பலர் பகிரும் ரன்னரில் பலிக்காது. நேரத்துக்குக் காத்திருப்பதை எடுத்துவிட்டு நிகழ்வுக்குக் காத்திருக்கும்படி மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் குறை டெஸ்டில் இல்லை, உங்கள் கோடில் இருக்கிறது. த்ரெட் பாதுகாப்பு தெரிந்த ஒருவரை அழைக்க வேண்டிய இடம் இதுதான். விழுந்த லாகுகளில் ஐந்தையாவது சேர்த்துக் கொடுங்கள். அதுவரை அந்த டெஸ்டைத் தனியே ஒதுக்கி, இஷ்யூ திறந்து, எண்ணை டெஸ்டின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

## அறிகுறி: நடுவில் கொல்லப்படுகிறது, அல்லது தொங்கிக்கொண்டே இருக்கிறது

மேட்ரிக்ஸில் ஒன்று விழுந்ததும் மற்றவை ரத்தாவது இயல்பு. ஃபெயில் ஃபாஸ்ட் என்பதை "ஃபால்ஸ்" ஆக்கினால் எல்லாவற்றின் முடிவும் தெரியும். புது கமிட் தள்ளியதும் பழையது ரத்தானால் கன்கரன்சி அமைப்பு வேலை செய்கிறது, பழுதில்லை.

137-க்கு முதல் சந்தேகம் பேரலல் எண்ணிக்கை. மேக் கட்டளையில் ஜே கொடுத்து எண் கொடுக்காவிட்டால் வரம்பே இல்லாமல் கம்பைலர்களைக் கிளப்பும். பப்ளிக் ரெப்போவுக்கான சாதாரண லினக்ஸ் ரன்னரில் 4 கோர், 16 ஜி.பி. மெமரி. பெரிய சி++ ப்ராஜெக்ட் அதை எளிதாகத் தின்றுவிடும். எண்ணை 2 ஆக்கிப் பாருங்கள். டிஸ்க் நிரம்பியது என்றால் பில்டுக்கு முன்னும் பின்னும் டி.எஃப். கட்டளையை ஓட்டி எது தின்கிறது என்று பாருங்கள்.

தொங்குகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கருவி "தொடரலாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆப்ட் இன்ஸ்டாலுக்கு ஒய் கொடுத்தீர்களா? எதுவாக இருந்தாலும் ஜாபுக்கு டைம்அவுட்டை நீங்களே வையுங்கள், ஏனென்றால் கிட்ஹப்பின் வழக்கம் 360 நிமிடம். கிட்லேபில் ஒரு மணி நேரம்.

## அறிகுறி: ரொம்ப மெதுவாக இருக்கிறது

ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு முறை ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். புஷ், புல் ரெக்வெஸ்ட் இரண்டையும் வடிகட்டாமல் கேட்டிருப்பீர்கள். புஷ்ஷை மெயினுக்கு மட்டும் என்று சுருக்கினால் பாதியாகும்.

அப்புறம் கேஷ். கேஷின் பெயரான கீயில், பதிப்புகளைப் பூட்டி வைக்கும் ஃபைலின் ஹேஷ் இருக்க வேண்டும். ஒரே கீயில் இருப்பதை மாற்றி எழுத முடியாது, அதனால் கெட்டுப்போன கேஷ் கெட்டபடியே இருக்கும்; கீயின் முன்னால் வி1 என்று ஒன்றை வைத்திருந்தால், வி2 ஆக்கி ஒரே வரியில் தப்பிக்கலாம். 7 நாள் யாரும் தொடாத கேஷ் நீக்கப்படும். ஒரு பிராஞ்சில் சேமித்தது பக்கத்துப் பிராஞ்சுக்குக் கிடைக்காது, மெயினில் சேமித்தது எல்லோருக்கும் கிடைக்கும், ஆகவே மெயினிலும் அந்த ஜாப் ஓடட்டும்.

## அறிகுறி: பச்சை டிக் இருக்கிறது, ஆனால் உடைந்த கோடு மெர்ஜ் ஆகிவிட்டது

எல்லாவற்றிலும் இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். சிவப்பு வந்தால் யாராவது பார்ப்பார்கள். பொய்ப் பச்சையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

யாமலில் "ஆர் ட்ரூ" என்று இரட்டைக் கோட்டோடு முடியும் வரிகளையும், "கன்டினியூ ஆன் எரர்" என்பதையும் தேடுங்கள். எப்போதோ அவசரத்துக்கு வைத்தவை அப்படியே தங்கியிருக்கும்.

அடுத்து பைப், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் குறி. டெஸ்ட் வெளியீட்டைத் திரையிலும் காட்டி ஃபைலிலும் எழுத, பைடெஸ்டுக்குப் பின்னால் பைப் போட்டு டீ கட்டளை வைப்பார்கள். பைப் வரிசையின் முடிவாக ஷெல் எடுத்துக்கொள்வது கடைசிக் கட்டளையின் முடிவை. டீ எப்போதும் வெற்றிதான். பன்னிரண்டு டெஸ்ட் விழுந்து, லாகில் சிவப்பாகப் பன்னிரண்டு பெயர்கள் ஓடி, ஸ்டெப்பின் பக்கத்தில் பச்சை டிக் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இதில் ஒரு நுணுக்கம்: கிட்ஹப்பில் ஷெல் எது என்று சொல்லாமல் விட்டால் பாஷ் ஓடும், ஆனால் பைப்ஃபெயில் (வரிசையில் எது விழுந்தாலும் தோல்வி என்று எடுக்கும் அமைப்பு) இல்லாமல். "ஷெல்: பாஷ்" என்று வெளிப்படையாக எழுதினால்தான் பைப்ஃபெயிலும் சேர்ந்து வரும். அந்த ஒரு வரியை வொர்க்ஃப்ளோவின் மேலேயே டீஃபால்ட்டாக எழுதிவிடுங்கள்.

டெஸ்டே ஓடாமல் பச்சையா? லாகில் "எத்தனை டெஸ்ட் ஓடியது" என்ற எண்ணைப் பாருங்கள். பைடெஸ்ட் ஒன்றும் கிடைக்காவிட்டால் எக்ஸிட் கோட் 5 கொடுத்து விழும். ஆனால் பைத்தானின் யூனிட்டெஸ்ட் 3.12-க்கு முன்பு வரை, பூஜ்யம் டெஸ்ட் ஓட்டிவிட்டு "ஓகே" என்று சொல்லும். கோ மொழியிலும் டெஸ்ட் ஃபைல் இல்லாத பேக்கேஜ் விழாது. ஃபோல்டரின் பெயரை மாற்றிய அன்றைக்கு இப்படி நடக்கும்.

இனி மேலே சொன்ன "தவிர்க்கப்பட்டால் வெற்றி". மேட்ரிக்ஸில் முப்பது ஜாப் இருந்தால், எல்லாம் முடிந்தபின் ஓடும் ஒரு காவல் ஜாபை வைத்து, அதை மட்டும் கட்டாயம் என்று குறிப்பது வழக்கம். மேட்ரிக்ஸில் ஒன்று விழுந்தால் காவல் ஜாப் ஓடாது, தவிர்க்கப்படும். தவிர்க்கப்பட்டது வெற்றி. மெர்ஜ் பட்டன் பச்சையாகத் திறந்திருக்கும். காவல் ஜாபுக்கு "இஃப்: ஆல்வேஸ்" கொடுத்து, உள்ளே முந்தைய ஜாபுகளின் முடிவுகளைப் படித்து, அவற்றில் ஏதாவது ஒன்று வெற்றி பெறாவிட்டாலும் எக்ஸிட் 1 என்று எழுதுங்கள்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஒரு தனி பிராஞ்சில் ஒரு டெஸ்டை வேண்டுமென்றே உடைத்து புல் ரெக்வெஸ்ட் திறங்கள். ஸ்டெப் சிவக்க வேண்டும், ஜாப் சிவக்க வேண்டும், மெர்ஜ் பட்டன் பூட்ட வேண்டும். மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் இரண்டும் நடந்து மூன்றாவது நடக்கவில்லை என்றால் கோளாறு யாமலில் இல்லை, பிராஞ்ச் பாதுகாப்பில் இருக்கிறது, அட்மினிடம் அந்தப் புல் ரெக்வெஸ்டின் இணைப்பை அப்படியே அனுப்புங்கள். பார்த்துவிட்டு அவர் சரிசெய்யும் வரை அதை மூடாதீர்கள்.